எந்தக் கேமரா என்று கேட்ட மகனுக்கு

மக்களே,

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று போனில் சொன்னாய். சின்னதா பெரியதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அப்பா, எர்ணாகுளத்தில் டீலர் காத்திருக்கிறான் என்றாய். ஒரே வார்த்தை என்றால், பெரியது. சொல்லியாயிற்று. இத்தோடு இந்தக் காகிதத்தை மடித்துவிட்டு நீ கடைக்குக் கிளம்பலாம். ஆனால் கிளம்பாதே, மீதியையும் படி. இத்தனை பக்கம் நான் வாழ்நாளில் எழுதியதில்லை. கரண்ட் ஆபீசுக்கு எழுதிய விண்ணப்பங்கள்கூட அரைப் பக்கம் தாண்டியதில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு, வீடு வாங்கப் போகிறவர்களுக்காக அந்த வீட்டைச் சோதித்துச் சொல்லும் தொழிலை ஆரம்பிக்கிறாய். வளைகுடாவிலிருந்து வருகிறவன் புதுப் பெயிண்ட்டைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுக்கும் முன் உன்னைக் கூப்பிடுவான். சுவரின் சூட்டையே படமாகக் காட்டுகிற கேமராவோடு நீ போய் நிற்பாய். ஈரம் நீலமாகத் தெரியும், கொதிக்கிற வயர் வெள்ளையாகத் தெரியும். நல்ல தொழில்தான். அதைப் பற்றி உன் அப்பனிடம் யோசனை கேட்டாய் பார், அங்கேதான் ஆளை மாற்றிக் கேட்டுவிட்டாய்.

இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தை மாதம் நீ டீலரிடமிருந்து இரண்டு நாளுக்கு வாங்கி வந்து காட்டினாயே, அந்தச் சின்னதில் எண்பதுக்கு எண்பது புள்ளி. மொத்தம் ஆறாயிரத்து நானூறு. பெரியதில் நூற்றறுபதுக்கு நூற்றிருபது, பத்தொன்பதாயிரத்து இருநூறு. மூன்று மடங்கு. நீ விட்டுப்போன நோட்டீசைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். இன்ஜினியரிங் படிக்காதவனுக்கும் பெருக்கத் தெரியும். திரை எவ்வளவு பெரியது, கையில் எவ்வளவு அழகாக உட்காருகிறது என்று டீலர் பேசினால் காதில் வாங்காதே. புள்ளி குறைவாக இருந்தால், தரையில் நின்று சீலிங் மூலையைப் பார்க்கும்போது விரல் அகலச் சூடு பக்கத்துச் சுவரோடு கலந்து பாதியாகத் தெரியும். கேமரா வேண்டுமென்று பொய் சொல்லாது. ஆனால் தன்னால் பிரித்துப் பார்க்க முடியாததைச் சுற்றுப்புறத்தோடு சேர்த்துச் சராசரி போட்டுச் சமாளிக்கும். சமாளிப்பதில் உன் அப்பனும் சளைத்தவன் இல்லை, அதற்குத்தான் வரப்போகிறேன்.

எவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கும் என்று கேள். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கையாவது பிடிக்க வேண்டும். குளிர் நாட்டில் உள்ளே கணப்பு, வெளியே பனி. சுவர் தானாகவே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். நம் திருவனந்தபுரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே புழுக்கம். ஈரச் சுவர் நீலமாகத் தெரிவது தண்ணீரைக் கேமரா பார்ப்பதால் அல்ல, தண்ணீர் உலரும்போது அந்த இடம் குளிர்வதால். இடவப்பாதி மழையில் எதுவும் உலராது. ஒழுகுகிற வீடெல்லாம் ஒழுகுகிற ஜூன் மாதத்தில் உன் கேமராவுக்கு எல்லாச் சுவரும் ஒரே நிறமாக இருக்கும். வீட்டை விற்கிறவன் விவரம் தெரிந்தவன் என்றால் அந்த மாதம்தான் உன்னைக் கூப்பிடுவான். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தபின் வருகிறேன் என்று சொல்லிவிடு. பளபளக்கிற எதையும் நம்பாதே. ஸ்டீல் தகட்டின் முன் பிடித்தால் உன் முகத்தின் சூட்டையே அது உனக்குத் திருப்பிக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் பார்.

வயரைச் சோதிக்கப் போனால் வீட்டில் உள்ள இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், மோட்டார் எல்லாவற்றையும் அரை மணி நேரமாவது ஓடவிட்டுவிட்டு, அப்புறம் கேமராவை எடு. கரண்ட் ஓடாத நேரத்தில் நல்ல ஜாயிண்ட்டும் கெட்ட ஜாயிண்ட்டும் ஒரே குளிர்தான். ஃபியூஸ் போகவில்லையே, அதனால் வயரிங் நன்றாகத்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். கெட்ட ஜாயிண்ட்டுக்கு ஃபியூஸ் போகாது, மக்களே. கரண்ட் அளவாகத்தான் போய்க்கொண்டிருக்கும். சூடு மட்டும் அந்த ஒரே இடத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். இதை நான் எந்த நோட்டீசிலும் படிக்கவில்லை. நம் வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பதினேழு வயதில் தக்கலைப் பக்கத்திலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் மின்சாமான் கடையில் வயர் அளந்து வெட்டிக் கொடுத்து, பிறகு மேஸ்திரிகளோடு வேலைக்குப் போய், லைசென்ஸ் எடுத்த கதையை நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய். கேட்டுக் கொட்டாவியும் விட்டிருக்கிறாய். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். கரமனையில் இந்த மூன்று சென்ட்டில் வீடு கட்டியபோது நீ மூன்றாம் வகுப்பு. ஊரில் உள்ள வீடுகளுக்கெல்லாம் புதுச் சுருள் பிரித்து வயர் இழுத்தவன், சொந்த வீட்டுக்கு மிச்சத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வேலையிலும் கடைசியில் மிஞ்சுகிற இரண்டு மீட்டர், மூன்று மீட்டர். வயர்மேன்கள் எல்லோரும் செய்வதுதான், எங்களுக்குள் அதில் வெட்கம் கிடையாது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, வயர்மேன் வீட்டுக் கரண்டும் அப்படித்தான். துண்டு துண்டாக இழுத்தால் ஜாயிண்ட் போட வேண்டிவரும். ஜாயிண்ட் என்பது மூடி போட்ட பெட்டிக்குள், திறந்து பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். சுவருக்குள் ஜாயிண்ட்டைப் புதைத்தான் என்று வேலையாள் ஒருவனை, வீட்டுக்காரர் முன்னாலேயே செவிட்டில் அறைந்தவன் நான். என் சொந்த வீட்டு முன்னறையில் நான் மூன்று புதைத்தேன். பால் காய்ச்சுக்கு நாள் குறித்தாகிவிட்டது, பூசுகிறவர்கள் சாந்தைக் குழைத்துக்கொண்டு நிற்கிறார்கள், உன் மாமன்மார் மறுநாள் வந்து இறங்குகிறார்கள். இரண்டை முறுக்கி டேப் சுற்றிச் சுவருக்குள் விட்டுப் பூசச் சொன்னேன். மூன்றாவதற்குச் சுவரை வெட்டச் சோம்பல்பட்டு, சாமிப் படங்கள் வைக்கிற மரத்தட்டின் பின்பலகைக்குள் ஒளித்தேன். அதற்குப் பக்கத்திலேயே ஒரு பிளக்கும் வைத்தேன்.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் கேஸ் தீர்ந்துபோனது. சாலையிலிருந்து கரண்ட் அடுப்பு ஒன்றை வாங்கி வந்தது நான். அடுக்களைப் பிளக் தாங்காது, முன்னறையில் மாட்டிக்கொள் என்று சொன்னதும் நான். உன் அம்மா மத்தியானம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து அதில் சோறும் கறியும் வைத்தாள், உனக்கு வெந்நீர் போட்டாள். ஆறு மணிக்கு அடுப்பை நிறுத்திவிட்டு, மேல் கழுவி வந்து, தட்டில் விளக்கு ஏற்றினாள். நீ கீழே பாயில் கிடந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். அவள் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் தட்டு தீப்பிடித்து உன்மேல் விழுந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உன் இடது கை எப்படி வெந்தது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பெரியம்மா கேட்டாள், "விளக்கு யாரு வச்சது?" உன் அம்மா சொன்னாள், "நான்தான் வச்சேன்." அத்தோடு விசாரணை முடிந்தது. மறுநாள் காலையில் அவளுக்கு மாற்றுச் சேலை எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். கரிந்த பலகையைப் பிடுங்கிப் பார்த்தேன். விளக்கு இருந்த முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் ஆழமாக வெந்திருந்தது. அடுப்பு ஓடிய மத்தியானமெல்லாம் பலகை உள்ளே கனன்று, தீ பின்னாலிருந்து முன்னால் வந்திருக்கிறது. என் ஜாயிண்ட் உருகிச் செம்பு மணிமணியாக ஒட்டிக் கிடந்தது. அதை வெட்டி எடுத்துப் பேப்பரில் பொதிந்து, போகிற வழியில் கரமனைப் பாலத்தில் நின்று ஆற்றில் போட்டேன். பிறகு சேலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ள கிடக்க எடத்துல விளக்கக் கொஞ்சம் கவனமா வச்சிருக்கலாம்" என்றேன். அதைச் சொல்ல வேண்டிய தேவைகூட எனக்கு இருக்கவில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அவள் ஏற்கெனவே தன் தலையில் போட்டுக்கொண்டதை நான் இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டேன். உண்மை தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், சொந்த வீட்டையே கொளுத்தினவன் என்று சாலையில் ஒருவனும் வேலைக்குக் கூப்பிடமாட்டான் என்று பயந்தேன்.

அன்றிலிருந்து உன் அம்மா இந்த வீட்டில் விளக்கு ஏற்றியதில்லை. கோயிலுக்குப் போனாலும் எண்ணெயைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பாள், வேறு யாராவது ஏற்றுவார்கள். அவளுக்குத் தீ என்றால் பயம் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னது நான்தான். எரிந்துபோன துண்டுக்கு மட்டும் புது வயர் போட்டேன். மற்ற இரண்டையும் மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். சுவரை உடைத்தால் எதற்கு என்று கேட்பாள். அதனால் உடைக்கவில்லை. முன்னறைப் பிளக்கில் ரேடியோவைத் தவிர எதையும் மாட்டாதே என்று மட்டும் சொல்லிவைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனாவது ஒரு வேளைக்குத்தான் மறைக்கிறான். நான் பதினைந்து வருடம், நீங்கள் இரண்டு பேரும் படுத்து எழுந்திருக்கிற வீட்டின் சுவருக்குள், நெருப்பை வைத்துக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றினேன்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. உனக்குப் பதினாறு வயது. உன் பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு உனக்கு ஒரு சட்டை எடுத்து வந்தாள் உன் அம்மா. அரைக்கைச் சட்டை. யோசிக்காமல் எடுத்துவிட்டாள். நீ அதை வாங்கிக் கட்டிலில் எறிந்தாய். "இந்தக் கைய வச்சிட்டு இத எப்பிடிப் போட? கொளுத்தினது நீதானே" என்றாய். அவள் சட்டையை எடுத்து மடித்துக் கவரில் போட்டு, கடையில் மாற்றி வாங்கி வரப் போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்தேன். அவள் திரும்பி வந்ததும் மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அன்றோடு நீ அவளிடம் பேசுவது குறைந்தது. இப்போதும் போன் செய்தால் "அம்மா சுகமா இருக்காளா" என்று என்னிடம்தான் கேட்கிறாய். நான் சுகம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருந்தேன் பார்.

தை மாதம் நீ கேமராவோடு வந்தாய். உள்ளறைப் பிளக்கில் அதன் இரண்டாவது பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டு, உள்ளே இருந்த பேட்டரியிலேயே வீடு முழுக்கச் சுற்றினாய். உள்ளறைப் பிளக்கை நீ எடுத்துக்கொண்டதால், மறுநாள் நீ கொண்டுபோக வேண்டிய சட்டைகளை உன் அம்மா முன்னறையில் வைத்து இஸ்திரி போட்டாள். நான் சொல்லிவைத்ததை ஒரு நாள் மறந்தாள், அல்லது உனக்காக மீறினாள். நீ முன்னறைக்கு வந்து சுவரில் கேமராவைக் காட்டிக்கொண்டே போனவன் நின்றுவிட்டாய். "அப்பா, இதுக்குள்ள எந்தா? நல்ல ஹீட் காட்டுதல்லே" என்றாய். திரையில் வெள்ளையாக ஒரு பொட்டு, அதைச் சுற்றி மஞ்சள்.  "ஒண்ணுமில்ல, அந்தப் பக்கம் வெயில் அடிச்சிருக்கும்" என்றேன். நீ நம்பினாய். அந்தப் பொட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் புள்ளி, டிகிரி என்று விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டாய். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உன் அம்மா மெதுவாகச் சொன்னாள், "அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சுவருல்லா. அங்க வெயில் எப்பிடி வரும்?" நீ அதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்காத அந்தக் கெட்ட பழக்கத்தை மட்டும் தொழிலுக்குக் கொண்டுபோகாதே. வீட்டில் நாள் முழுக்க இருக்கிறவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, அப்புறம் திரையைப் பார்.

நீ போனபின் உன் அம்மா ஒன்பதாம் நாள் இஸ்திரிப் பெட்டியை அதே பிளக்கில் மாட்டி, துணி எதுவும் எடுக்காமல், அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் கழித்துச் சுவரில் நீ காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்க. சுடுது. இதுக்குள்ள என்ன இருக்கு?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்துக் குறுகுறுத்து என் நெஞ்சு மரத்தே போயிருந்தது. சொல்லிவிட்டேன்.

"விளக்குத் தட்டுக்குப் பின்னாலயும் இதுதான் இருந்துதா?"

"இருந்தது."

"உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"மறுநாள் காலையில. உனக்குச் சேல எடுக்க வந்தப்ப."

அவள் சுவிட்சை அணைத்தாள். வயரைச் சுற்றி வைத்தாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். "எங்கிட்ட இப்ப கேக்காண்டாம். மொதல்ல அவனுக்கு எழுதுங்க. என் பிள்ள என்ன அப்பிடி நெனச்சிட்டே இத்தன வருசம் வளந்தான்" என்றாள். அதற்குப் பிறகு சோறு வைக்கிறேன், மருந்து சாப்பிட்டாயிற்றா, இதைத் தாண்டி என்னிடம் அவள் பேசுவதில்லை. ஒரு மாதம் எழுத முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ கேமரா எது என்று கேட்டது எனக்கு ஒரு சாக்காயிற்று. முதல் நாலு பக்கம் புள்ளியையும் டிகிரியையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேனே, அது உனக்காக அல்ல, இந்த இடத்துக்கு வந்து சேரப் பயந்துதான்.

அந்த லைனின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டேன். நீ பெரிய கேமராவை வாங்கிக்கொண்டு முதலில் இங்கே வா. வந்தால் என்னிடம் நின்று பேச வேண்டாம், என்னைத் தாண்டி நேராக அடுக்களைக்குப் போ. அவள் உன்னிடம் எதையும் எதிர்பார்த்துக் கேட்கமாட்டாள், அந்தச் சட்டை நாளில் நீ சொன்னதை எடுத்துச் சொல்லவும் மாட்டாள். நீயாகப் பேச வேண்டும். அவளோடு பேசி முடித்தபின், நேரம் இருந்தால், முன்னறைச் சுவரைச் சோதித்து உன் முதல் ரிப்போர்ட்டை எழுது. வயரிங் செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை இன்ஷியலோடு முழுதாகப் போடு. சுவரை நான் உடைக்கிறேன்.

இதுவரை எழுதியதை நேற்று அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து வாசித்தாள். கேமராப் பக்கங்களையும் விடவில்லை. லைசென்ஸ் போய்விடும் என்று பயந்ததாக மேலே எழுதியிருக்கிறேனே, அதற்குக் கீழே ஒரு வரியை நான் கறுப்பாக அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். அங்கே வந்ததும் அவள் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"குடும்பத்துக்காகத்தான் மறச்சேன்னு எழுதியிருக்கிய. குடும்பம்னா அதுல நானும் உண்டுல்லா. இத வெட்டுங்க."

வெட்டினேன். அந்த இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

"உள்ளத எழுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

எனக்காகத்தான் மறைத்தேன், மக்களே.

அப்பா